எது என் முதுகு?

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் யோசித்ததல்ல, காதில் விழுந்தது. தோல் சிகிச்சைப் பிரிவில் என் முறைக்காகக் காத்திருந்தபோது உள்ளேயிருந்து ஒரு பெண்குரல்: "என் முதுகு எனக்கு எப்படிங்க தெரியும்?" அவளிடம் நான் அனுமதி கேட்கவில்லை. மீதியை நானே ஒட்டுப்போட்டேன்.

2

அவள் தையல்காரி. (முதலில் டீச்சர் என்று எழுதினேன். நிஜத்தில் அப்படி இருந்துவிட்டால் வம்பு என்று மாற்றினேன்.) நாள் முழுக்க ஊரார் முதுகை அளப்பவள். அவள் முதுகில் வெண்திட்டுகள், அவை

(இந்த வாக்கியத்தை இங்கேயே விடுகிறேன். காரணம் பிறகு.)

சிகிச்சை தொடங்கியபோது படம் எடுத்தார்கள். டாக்டர் பார்க்கத்தானே என்று கையெழுத்துப் போட்டாள். இப்போது அந்தப் படங்கள் ஆராய்ச்சிக்காக வெளியே போகின்றன. வேண்டாம் என்பவர்கள் இன்றைக்குள் சொல்ல வேண்டும். கேள்விப்பட்டதும் தையலைப் பாதியில் போட்டாள். அக்காவை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"பேரையெல்லாம் எடுத்துட்டோம்மா, உங்க நல்லதுக்குத்தான்," என்றார் படமெடுப்பவர். "எது உங்களோடதுன்னு இப்ப நீங்கதான் காட்டணும்."

திரையில் வரிசை வரிசையாக முதுகுகள். தலையில்லை, பெயரில்லை. ஒன்றைக் காட்டப் போனாள், விரலை இழுத்துக்கொண்டாள். தப்பானதைக் காட்டினால் வேறு யாரோ ஒருத்தி தப்பிப்பாள், இவள் மாட்டிக்கொள்வாள்.

"அக்கா, நீதானே தினமும் மருந்து தடவுற? சொல்லேன்!"

"நல்லா இருக்குடி கதை! என்னைக்காவது லைட்டப் போட விட்டியா நீ? இருட்டுல தடவுன கைக்கு என்னடி தெரியும்?"

(இங்கே அக்காவை அழவைக்கப் பார்த்தேன். போய்யா என்றுவிட்டாள்.)

3

படமெடுப்பவர் கேமராவைக் கையில் எடுத்தார். "ஒரே வழிதான். இன்னொரு படம் எடுத்து ஒப்பிட்டுப் பாக்கலாம்."

"ஒண்ண அழிக்க இன்னொண்ணா? இது எந்த ஊர் நியாயம்?" அக்கா எகிறினாள். "நீங்க வெளிய இருங்க சார். நானே அவ முதுகப் பாத்துச் சொல்றேன்."

தங்கைக்குத் தூக்கிவாரிப்போட்டது. படம் உலகமெல்லாம் சுற்றட்டும், அங்கே யாருக்கும் இவளைத் தெரியாது. இவளுக்கென்று இருப்பது அக்கா ஒருத்திதான். அவளும் முகம் சுளித்துவிட்டால்?

4

கேமராவுக்கே முதுகைக் காட்டுவதாக ஒரு முடிவு எழுதினேன். அடித்துவிட்டேன். விளக்கைப் போட்டுப் பார்த்த அக்கா, "அட, இவ்ளோதானாடி?" என்பதாக இன்னொன்று. எனக்கே கண் கலங்கியது, அதனாலேயே சந்தேகமாக இருந்தது.

படமெடுப்பவர் வெளியே போய்விட்டார். தங்கையின் கை ரவிக்கைப் பொத்தானில் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. அக்கா பார்த்தால் நானும் பார்த்தாக வேண்டும், என் தோளுக்குப் பின்னாலிருந்து நீங்களும். அதற்காகத்தான் அந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டேன்.

ஆனால் நீங்கள் விட்டிருக்க மாட்டீர்கள். திட்டு எங்கே, எவ்வளவு பெரிது என்று இந்நேரம் ஒரு முதுகு உங்கள் மனதில் ஏறியிருக்கும். அது அவளுடையதா என்று சொல்ல எனக்கும் தெரியாது. தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள். அதுவரை அவள் பொத்தானைக் கழற்றமாட்டாள்.

அழித்தாயிற்றா? அவள்தான் கேட்கிறாள்.