ஆமாங்க சாமி

1

இந்தக் கதை கோர்ட்டுக்கு எதிரே டீ குடிக்கும்போது கிடைத்தது. வக்கீல் குமாஸ்தா ஒருவன் சிரித்துச் சிரித்துச் சொன்னான். குமாஸ்தா பேச்சை நான் நம்புகிறவன் இல்லை. ராஜகிரிக் கோட்டை அடிவாரத்துக்குப் போய், கதையில் வருகிற பவுனம்மாளிடமே கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

2

‘கோட்டை மேல் சூரியன் சிவந்து’

வேண்டாம். சூரியனுக்கு இதில் வேலை இல்லை.

வருஷம் 1986. தளவானூரில் ஒரு பம்புசெட் மோட்டார் காணோம். போலீஸ் வழக்கம்போல இருளர் குடிசைக்கு வந்து, பவுனம்மாள் புருஷன் செல்லப்பனைப் பிடித்துக்கொண்டு போனது. (அவனுக்கு டீபி. ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே உட்கார்ந்து இருமுவான். மோட்டாரைத் தூக்கினானாம்!)

ஜட்ஜ் கேட்டார்: “மோட்டாரை எடுத்தியா?”

“ஆமாங்க சாமி.”

ஒப்புக்கொண்டான் என்று எழுதிவிடாதீர்கள். நிலத்துக்காரர், போலீஸ், யார் எது கேட்டாலும் அவன் சனம் சொல்லிப் பழகிய மரியாதை அது. இல்லை என்றால் அடி விழும்.

சப்ஜெயிலுக்கு வந்த டாக்டரும் கேட்டார்: “நல்லா இருக்கியா? மாத்திரை சாப்புடுறியா?”

“ஆமாங்க சாமி.”

டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார். மாத்திரை குடிசைக் கூரையில் செருகியபடி இருந்தது.

3

பவுனம்மாள் அதை எடுத்துக்கொண்டு ஜெயிலுக்குப் போனாள்.

“யோவ், ஜட்ஜி கேட்டா இல்லன்னு சொல்லு. எங்க, சொல்லு பாப்பம். மோட்டாரை எடுத்தியா?”

“ஆமாம்மே.”

“நாசமாப் போச்சு! நான் இன்னா ஜட்ஜியா?”

“நீயும் அவுரு மாதிரியே அதட்டுற.”

சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. துண்டில் ரத்தம்.

[ஜெயில் காவலனை நல்லவனாக எழுதலாமா என்று பார்த்தேன். “டாக்டர் எழுதாம மாத்திரை உள்ள போகாது” என்று அவளைத் திருப்பி அனுப்பியவன் அவன். எழுதியதை அடித்துவிட்டேன்.]

4

அடுத்த வாய்தா. ஜட்ஜ் வாயைத் திறக்கும் முன்பே பின்னாலிருந்து பவுனம்மாள் கத்தினாள்:

“சாமி! எடுத்தியா எடுத்தியான்னு கேக்காதீங்க! அன்னிக்கு எங்கடா இருந்தேன்னு கேளுங்க!”

மோட்டார் போன அன்று செல்லப்பன் பெரியாஸ்பத்திரி வார்டில் படுத்திருந்தான். பவுனம்மாள் ஸ்டேஷனில் சொன்னதற்குத் துரத்திவிட்டார்கள். அவனோ, கேட்காததைச் சொல்கிறவன் இல்லை.

5

முடிவு இரண்டு எழுதினேன். ஒன்றில் ஜட்ஜ் கேட்டார். இன்னொன்றில் அவளை வெளியே தள்ளச் சொன்னார். இரண்டையும் கிழித்துப் போட்டேன். நடந்தது எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். நான் விடுதலை கொடுத்தால் நீங்கள் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். உங்களை அவ்வளவு நம்ப முடியாது.

அந்த ஜட்ஜ் நாற்காலியில் நீங்களே உட்காருங்கள். கூண்டில் ஒருத்தன் இருமிக்கொண்டு நிற்கிறான்.

கேளுங்கள்.