லெம் ஃபாரிஸின் தலைமுடி

1

ஐந்து மாதமாக முடி வெட்டாத ஒருவனுக்கு நீங்கள் பெண் கொடுப்பீர்களா?

இந்தக் கதை எனக்கு முடிவெட்டும் நாற்காலியில் கிடைத்தது. ஊர்விட்டு ஊர் வந்தவனிடம் வாய் ஓயாமல் பேச ஒரு நாவிதராவது இருக்கிறாரே. பாதி அவர் சொன்னது, மீதி நான் போட்டது. எது எது என்று கேட்காதீர்கள். எனக்கே கலந்துவிட்டது.

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்: ‘ஒகையோ ஆற்றின் மேல் பனி வெண்பட்டைப் போல...’

வேண்டாம். லெம் ஃபாரிஸ் பட்டைக் கண்ட ஆள் இல்லை.

2

1896. ஆற்றங்கரை ஊர் ஒன்றில் கண்ணாடித் தொழிற்சாலைக்காரர்கள் சேர்ந்து ஒரு கால்பந்துக் குழு வைத்திருந்தார்கள். (காலுக்கு அதில் வேலை குறைவு. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதும், எதிரே வருபவனை இடித்துச் சாய்ப்பதும்தான் ஆட்டம். ஏன் அந்தப் பெயர் என்று வைத்தவர்களைக் கேளுங்கள்.)

தலைக்கவசம் வராத காலம். அதனால் ஜூன் மாதத்திலிருந்து கடைசி ஆட்டம் வரை யாரும் முடி வெட்டக்கூடாது என்பது குழுவின் கட்டுப்பாடு. வளர்ந்த முடிதான் கவசம். வேடிக்கை என்னவென்றால், வரிசையின் நட்டநடுவில் நின்று நெற்றியோடு நெற்றி மோதுகிற லெம்தான் அந்த ஊரின் ஒரே நாவிதன்.

அந்தப் பருவத்தில் அவர்கள் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. மிச்சம் இருந்தது, ஒவ்வொரு வருஷமும் அவர்களைத் தோற்கடிக்கிற அக்கரை ஊர். நவம்பர் கடைசியில், நன்றித் திருநாள் வியாழனன்று ஆட்டம். வெள்ளிக்கிழமை லெம்முக்கும் ஹெட்டிக்கும் கல்யாணம். இடையில் முடிவெட்டு. நல்ல திட்டம்தான்.

ஆறு உறைந்தது. படகு நின்றது. ஆட்டம் சனிக்கிழமைக்குப் போனது.

3

வியாழன் மதியம் ஹெட்டியின் அம்மா லெம்மின் கடைக்குள் வந்தாள். குழுத்தலைவன் டோரன்ஸ், கண்ணாடி ஊதுகிறவன், ஏற்கெனவே அங்கே காவலுக்கு நின்றான்.

“தம்பி, இந்தத் தலையோட என் பொண்ணு பக்கத்துல நிக்காதே. சோளக்கொல்லை பொம்மை உன்னைவிட லட்சணமா இருக்கு.”

“ரெண்டே நாள் அத்தை. கல்யாணத்தைத் தள்ளி வச்சா...”

“தள்ளி வைக்கிறதுன்னா ஒரேயடியா தள்ளிடலாம்.”

“டேய் லெம்,” என்றான் டோரன்ஸ். “முடியில கை வச்சே, சனிக்கிழமை வேலிக்கு வெளியதான் நிப்பே. அஞ்சு மாசமா நாங்க என்ன வேண்டுதலுக்கா வளர்த்தோம்?”

“வெட்டணும்னாலும் யாரு வெட்டுவா? எனக்கு எப்பவும் அக்கரை நாவிதன்தான் வெட்டுவான். படகுதான் இல்லையே.”

அத்தை பையிலிருந்து ஆட்டு ரோமம் வெட்டும் கத்தரியை எடுத்தாள். “இருபது வருஷமா வெட்டுறேன். இதுவரைக்கும் ஒரு ஆடும் குறை சொன்னதில்லை.”

4

இங்கே எனக்கு இரண்டு முடிவுகள் இருந்தன. லெம் முடியை இழந்து வேலிக்கு வெளியே நிற்பது ஒன்று. கல்யாணத்தை இழப்பது இன்னொன்று. இரண்டாவதை அரைப்பக்கம் எழுதினேன். அதில் ஹெட்டி ஜன்னலோரம் அழுதுகொண்டு

கிழித்துவிட்டேன். ஹெட்டி அப்படி அழுகிற ஆள் இல்லை. இவ்வளவு நேரமும் கடை நாற்காலியில் உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தவளை நான்தான் பேசவே விடவில்லை.

“அம்மா, நாளைக்கு சர்ச்ல உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு இவரோட எந்தப் பக்கம் தெரியும்?”

“முதுகுப் பக்கம்.”

“டோரன்ஸ் அண்ணே, ஆட்டத்துல எந்தப் பக்கம் இடி விழும்?”

டோரன்ஸ் யோசித்தான். “முன்னாடிதாம்மா.”

“அப்புறம் என்ன? பின்னாடி மட்டும் வெட்டும்மா.” எழுந்து இடம் விட்டாள். “உட்காரு லெம்.”

“பாதிரியாருக்கு முன்பக்கம் தெரியுமே?” என்றாள் அத்தை.

“அவரு புத்தகத்தைத்தான் பார்ப்பாரு.”

5

சனிக்கிழமை யார் ஜெயித்தது? என் நாவிதர் ஒன்று சொல்கிறார், அக்கரைக்காரர்கள் வேறு சொல்கிறார்கள். உங்களுக்குப் பிடித்ததை எழுதிக்கொள்ளுங்கள். நான் வெள்ளிக்கிழமையோடு நிறுத்துகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை கல்யாணம் நடந்தது. பின்னால் இருந்தவர்களுக்கு லெம் ஒழுங்கான மாப்பிள்ளையாகத் தெரிந்தான். மோதிரம் போட்டபின் ஹெட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பக்கம் திரும்பினான். முதலில் சிரித்தது அத்தை.