இழுப்புக்கு வைத்த பேர் குடி

வாளையாரில் பெரிய ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, கருப்புசாமிக்கு ஒரு தென்னந்தோப்பும் கொஞ்சம் நெல்வயலும் இருந்தன. பிறந்ததிலிருந்து அவர் ஒரு சொட்டுக் கள்ளுகூடத் தொட்டதில்லை. ஆனால் போன வருஷம் முழுக்க ஊர் அவரைக் குடிகாரர் என்றே நம்பியது. அவர் மறுக்கவில்லை. மறுத்தால் உண்மையைச் சொல்ல வேண்டிவரும். உண்மை குடியைவிட மோசம் என்பது அவருடைய முடிவு.

உண்மை இதுதான்: அவருக்கு இழுப்பு. அறுவடை மெஷின் வயலில் இறங்கிய அன்று தொடங்கியது. தூசி அடங்கிய பிறகும் நெஞ்சு அடங்கவில்லை. மூச்சை வெளியே விட்டால் உள்ளே யாரோ விசிலடிப்பதுபோல் கேட்டது. பாலக்காட்டுக்குப் போனால் தெரிந்த முகம் யாராவது எதிர்ப்படும் என்று கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினார். அங்கே டாக்டர் ஒரு குழாயில் ஊதச் சொன்னார், ஆஸ்துமா என்றார், கைக்கடக்கமான நீல இன்ஹேலர் ஒன்றை எழுதிக் கொடுத்தார்.

"இது எப்பவும் உங்க சட்டைப் பையிலயே இருக்கணுமுங்க" என்றார்.

கருப்புசாமி நன்றாகத் தலையாட்டினார். ஊருக்கு வந்ததும் நேரே தோப்புக்குப் போய், மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால் அதை ஒளித்து வைத்தார்.

காரணம் மகள் மௌனிகா. கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். ஜாதகம் வெளியே போயிருந்தது. அப்பனுக்கு இழுப்பு என்றால் மகளுக்கும் வரும், அவள் பெறுகிற பிள்ளைக்கும் வரும் என்று ஊரில் பேசுவதை அவரே உட்கார்ந்து கேட்டிருக்கிறார். 'வாஸ்தவந்தானுங்க' என்றும் சொல்லியிருக்கிறார்.

ஆகவே நெஞ்சு இறுகும்போதெல்லாம் மோட்டார் போடப் போவதாகச் சொல்லிக்கொண்டு போனார். கதவைச் சாத்திக்கொண்டு, வாயை அகலத் திறந்து, கல்யாண வீட்டில் பன்னீர் தெளிப்பதுபோல் நாக்கில் அடித்துக்கொண்டார். பாதி மருந்து வெளியே போனது. மீதியில் கொஞ்சம் சுகம் கிடைத்தது. கண் சிவந்து, வாயைத் துடைத்துக்கொண்டு அவர் வெளியே வருவதைப் பக்கத்துத் தோப்புக்காரர் பார்த்தார். கரண்ட் இல்லாத நேரத்திலும் ஒருவர் மோட்டார் ரூமுக்குப் போவது ஏன் என்று அவர் ரொம்ப யோசிக்கவில்லை.

பேச்சு மனைவி சுப்பாத்தாள் காதுக்கு வந்தது. சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் நின்றாள்.

"ஏனுங்க, ஊருக்குள்ள என்னென்னமோ பேசறாங்க. நெசமாலுமே குடிக்கறீங்களா?"

கருப்புசாமி ஒரு கவளம் சாப்பிட்டு முடிக்கும்வரை யோசித்தார்.

"கொஞ்சமாத்தான் புள்ள" என்றார்.

சுப்பாத்தாள் அன்றைக்கு அழுதாள். மறுநாள் அழுகையை நிறுத்திவிட்டு, பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் செய்து, குடியை மறக்கடிக்கும் பொடி ஒன்றை வரவழைத்தாள். குடிப்பவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்க வேண்டும் என்று பொட்டலத்தில் போட்டிருந்தது. அப்படியே செய்தாள். குழம்பெல்லாம் கசந்தது. இன்ஹேலர் அடிப்பதால்தான் நாக்கு கெட்டுவிட்டது என்று கருப்புசாமி முடிவு கட்டி, அடிக்கும் அளவைக் குறைத்தார். இழுப்பு கூடியது. இழுப்பு கூடியதால் மோட்டார் ரூமுக்கு அதிகம் போனார். அதைப் பார்த்து சுப்பாத்தாள் பொடியைக் கூட்டினாள்.

இந்த நிலைமையில்தான் வேலந்தாவளத்திலிருந்து பூபதிராஜா குடும்பம் பெண் பார்க்க வந்தது. மாப்பிள்ளை அவர் மகன் சிவப்பிரகாஷ். அவர்கள் ஏற்கெனவே விசாரித்திருந்தார்கள். பெண்ணின் அப்பா குடிப்பார் என்பது தெரிந்துதான் வந்தார்கள்.

சுப்பாத்தாள் நல்ல காரியம் என்று வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டிருந்தாள். புகை மூலைமுடுக்கெல்லாம் நின்றது. பூபதிராஜா நிலம், தண்ணீர், தேங்காய் விலை என்று பேசிக்கொண்டே போனார். கருப்புசாமிக்குப் பதில் சுருங்கிக்கொண்டே வந்தது. முதலில் முழு வாக்கியம், பிறகு இரண்டு வார்த்தை, பிறகு 'உம்'. கடைசியில் எழுந்தார்.

"மோட்டாரு... போட்டுட்டு... வந்தர்றேனுங்க."

பூபதிராஜா சிரித்து, அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். குனிந்து காதருகில் பேசினார்.

"எல்லாம் எனக்குத் தெரியுமுங்க மச்சான். ஆம்பளைன்னா அப்படி இப்படித்தான். பேசி முடிச்சுட்டு ரெண்டு பேருமாப் போலாமுங்க. இப்ப வேண்டாம்."

கருப்புசாமி கையை உதறப் பார்த்தார். பிடி பலமாக இருந்தது. பேச வாயைத் திறந்தார், காற்று வரவில்லை. வியர்த்தது. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. காலையிலேயே போட்டுவிட்டார் என்று எல்லோருக்கும் தோன்றியது. மாப்பிள்ளையின் அம்மா, "புளிச்ச மோரு இருந்தாக் கொண்டாங்க, தெளிஞ்சிரும்" என்றார். சுப்பாத்தாள் அவமானத்தில் தலைநிமிராமல் மோர் கொண்டுவந்தாள். யாரோ அவர் தலையைப் பிடித்துச் சாய்த்து மோரை ஊற்றினார்கள். அது மூக்கில் வந்தது. மோட்டார் ரூம் தோப்புக்கு அந்தக் கோடியில் இருக்கிறதே என்று கருப்புசாமி நினைத்தார். செத்துப்போனாலும் குடியில் செத்தான் என்றுதான் சொல்வார்கள், இழுப்பு வெளியே வராது, மௌனிகாவுக்குப் பிரச்சினை இருக்காது என்றும் நினைத்தார். அவ்வளவு நினைப்பதற்குள் உதடு நீலம் பாரித்துவிட்டது.

மௌனிகா பட்டுப்புடவையில் காப்பித் தட்டோடு வாசற்படிக்கு வந்தாள். அப்பாவைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி உள்ளே போனாள். வெட்கப்பட்டுப் போய்விட்டாள் என்று நினைத்தார்கள். அவள் கைப்பையோடு வந்தாள். அதிலிருந்து ஒரு நீல இன்ஹேலரை எடுத்து, மூடியைக் கழற்றி, நன்றாகக் குலுக்கினாள்.

"தலையை விடுங்க. சாய்க்காதீங்க, நிமிந்து உக்காரட்டும். அந்தச் சாம்பிராணிய வெளிய எடுத்துட்டுப் போங்கம்மா." அப்பாவின் முன் மண்டியிட்டாள். "அப்பா, இருக்கற மூச்ச வெளிய உடுங்க. இப்ப வாயில வெச்சு உதட்ட நல்லா மூடுங்க. நான் அமுக்கறப்ப மெதுவா உள்ள இழுங்க. இழுங்க, இழுங்க... அப்படியே நிறுத்துங்க. உட்ருங்க."

கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கொடுத்தாள். மறுபடியும். கருப்புசாமியின் விசில் மட்டும் கேட்டது, பிறகு அதுவும் தணிந்தது.

மாப்பிள்ளையின் அம்மாதான் கேட்டார். "அது ஆரோடதுங்க கண்ணு?"

மௌனிகா திரும்பவில்லை. "என்னோடதுதானுங்க" என்றாள்.

சிவப்பிரகாஷ் எழுந்து கார் சாவியை எடுத்தான். பெண் பார்க்க வந்த காரிலேயே பெண்ணையும் அவள் அப்பாவையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விட்டான். வழியில் கண்ணாடியை ஏற்றிவிடட்டுமா, லாரிப் புகை வருகிறது என்று மட்டும் ஒருமுறை கேட்டான்.

ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். சாயங்காலம் மலையாளத்து நர்ஸ் சிஞ்சு வந்து, இன்ஹேலர் எப்படி அடிப்பீர்கள், காட்டுங்கள் என்றாள். கருப்புசாமி வாயைத் திறந்து நாக்கை நீட்டிக் காட்டினார்.

"ஐயோ அச்சா, இது சென்ட் அல்ல" என்றாள் சிஞ்சு. மெதுவாக இழுக்கப் பழக்கினாள். "நீலம் அவசரத்துக்கு மட்டும் கேட்டோ. தினம் எடுக்க வேற ஒண்ணு டாக்டர் எழுதுவாரு. அப்பறம், அச்சனுக்கு ஒண்ணு, மோளுக்கு ஒண்ணு. இனி ஷேர் வேண்டாம்."

அவள் போனதும் சுப்பாத்தாள் கட்டிலருகே வந்தாள்.

"அப்ப நீங்க குடிக்கறதே இல்லீங்களா?"

"இல்ல புள்ள."

சுப்பாத்தாள் வெகுநேரம் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். "கொழம்புல பொடி போட்டனுங்க" என்றாள். கருப்புசாமிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இருமல் வந்தது. கோபப்பட வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் இருவருக்கும் நினைவு வந்தது. சுப்பாத்தாள்தான் நிறையக் கோபப்பட்டாள்.

மௌனிகா ஜன்னலோரம் நின்றிருந்தாள்.

"எப்ப இருந்து கண்ணு?" என்றார் கருப்புசாமி.

"காலேஜுல இருந்துங்கப்பா. உங்க கிட்டச் சொன்னா ஒடஞ்சு போயிருவீங்கன்னு சொல்லல."

"நான் குடிக்கலைன்னு உனக்குத் தெரியுமா?"

"அந்த இருமல் குடிக்கறவங்க இருமல் இல்லீங்களே."

பூபதிராஜா வீட்டிலிருந்து ஜாதகத்தில் சின்னப் பொருத்தக்குறை என்று தகவல் வந்தது. தரகு பேசிய ஜானகியம்மாளிடம் மட்டும் பூபதிராஜா உள்ளதைச் சொன்னாராம்: குடி என்றால்கூடப் பரவாயில்லை, இது அப்பன் மகள் இரண்டு பேருக்கும் இருக்கிறதே. சிவப்பிரகாஷ் என்ன நினைத்தான் என்று யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

மௌனிகா அழுவாள் என்று கருப்புசாமி பயந்தார். அவள் தோசை தின்றுகொண்டிருந்தாள். "போகட்டுமுங்கப்பா. அங்க போயும் பாத்ரூமுக்குள்ள ஒளிஞ்சு அடிக்கோணுமா?" என்றாள்.

தை பிறந்து ஜானகியம்மாள் புது ஜாதகக் கட்டோடு வந்தார். அவர் உட்காருவதற்கு முன்பே கருப்புசாமி, தனக்கும் மகளுக்கும் ஆஸ்துமா இருக்கிறது, மருந்து எடுக்கிறோம், பார்க்க வருகிறவர்களிடம் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்றார்.

ஜானகியம்மாள் முகம் சுளித்தார். "அதைப் போயி எடுத்தவுடனே ஏனுங்க சொல்றது? எல்லாம் கூடி வந்தப்பறம் பக்குவமாச் சொல்லிக்கலாமுங்க."

"அப்பறம் சொல்றதுக்கு மூச்சு இருக்கோணுமில்லீங்க" என்றார் கருப்புசாமி.

"அப்ப இந்த ரெண்டு எடமும் ஒத்து வராதுங்க" என்றார் ஜானகியம்மாள். பிறகு கட்டின் மேலே இருந்த இரண்டு ஜாதகங்களை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, மூன்றாவதைப் பிரித்தார்.