கிண்டும் கை

ஓர்சோலா படுக்கையில் விழுந்து மூன்று வாரமாயிற்று. இன்று பொலெந்தாக் களி வேண்டுமென்றாள். வெளியே பனி ஜன்னல்வரை ஏறியிருந்தது. காலமெல்லாம் கல் உடைத்த அவள் கணவன் கௌதென்சியோ, முதல்முறையாகச் செப்புப் பானையில் சோளமாவைக் களியாகக் கிண்டினான்.

"கையை நிறுத்தாதீங்க, கட்டி தட்டிடும்!" என்று உள்ளறையிலிருந்து கத்தினாள்.

"தோளே கழண்டுடும் போலிருக்குடி."

"மலையை உடைச்ச கைக்கு மாவு கனக்குதாக்கும்!"

அவன் சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து, "பானையில ஒட்டாம வருது, இறக்கட்டுமாடி?" என்று கேட்டான். பதில் இல்லை. மறுபடி கேட்டான். அதற்கும் இல்லை.

போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். கிண்டிக்கொண்டிருக்கும் வரை அவள் களிக்காகக் காத்திருக்கிறாள். களி இறுகி மரத்துடுப்பு அசையாமல் நின்ற பிறகும் அவன் கையை எடுக்கவில்லை.