நிழல் விழுந்த குழி

சுகந்தினியின் நிழல் விழுகிற இடத்தில் மண் கண்ணாடி போலத் தெளிந்து, உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். முப்பது அடி வரைக்கும் நன்றாகத் தெரியும், அதற்குக் கீழே மங்கிவிடும். இலங்கையில் றக்வானைக்கு மேலே மேமலைத் தேயிலைத் தோட்டத்தில் இதை யாரும் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மலையில் வருடத்தில் முக்கால்வாசி நாள் மழை. வெயில் வந்தால்தானே நிழல். மரவள்ளி விளைந்துவிட்டதா, தண்ணீர்க் குழாய் எங்கே உடைந்திருக்கிறது, பெருச்சாளி எந்தப் பக்கம் வளை போட்டிருக்கிறது என்று பார்க்க லயத்து வரிசை வீட்டு ஆட்கள் வெயில் நாளில் அவளைக் கூப்பிடுவார்கள். அவள் போய் நின்று காட்டிவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்துக்குப் போய்விடுவாள். ஒரே ஓர் இடத்துக்கு மட்டும் அவளை யாரும் கூப்பிட்டதில்லை. இரத்தினபுரிச் சீமை முழுக்க மாணிக்கக் குழிக்குப் பக்கத்தில் பெண்கள் போகக் கூடாது என்பது வழக்கம். பெண்ணின் நிழல் பட்டால் கல் மறைந்துபோகுமாம். கல்லை எடுத்து விற்று மறைத்தவர்கள் எல்லாம் ஆண்கள்தான் என்றாலும் பழி என்னவோ நிழலுக்குத்தான்.

நாட்டில் டீசல் இல்லாமல் போன வருடம் சுகந்தினியின் புருஷன் சதீஸ் குழி வேலைக்குப் போனான். தோட்டத்துக்குக் கீழே ஓடையோரத்தில் லைசன்ஸ் இல்லாமல் தோண்டிய குழி அது. குழிக்குள் ஊறுகிற தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே இருந்தால்தான் பக்கச் சுவர் நிற்கும். மோட்டாருக்கு டீசல் இல்லை. ஆனாலும் குழி முதலாளி ஆட்களை இறக்கினார். ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சுவருக்கு முட்டுக் கொடுத்திருந்த ரப்பர் மரக் கட்டைகளோடு குழி உட்கார்ந்துவிட்டது. மறுநாள் பார்த்தால் அந்த இடத்தில் மண் நிரவி, முள்ளுக்கம்பி அடித்து, வாழைக்கன்று நட்டிருந்தது. சதீஸின் செருப்பு மட்டும் ஓடைக் கல்லின் மேல் கிடந்தது. அவன் இன்னொருத்தியோடு கொழும்புக்குப் போய்விட்டான் என்று முதலாளி சொன்னார். பொலிசும் அப்படியே எழுதிக்கொண்டது. கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போயிற்று? செருப்பைக் கழற்றி வைத்துவிட்டா ஒருவன் கொழும்புக்குப் போவான்?

சுகந்தினி போய் நிற்கத்தான் துடித்தாள். மாமியார் சின்னம்மா விடவில்லை. அங்கே பெண் நிழல் பட்டால் மற்ற குழிகளிலும் கல் ஓடிவிடும், லயத்தில் பாதி வீட்டில் அடுப்பு எரியாது என்று காலைப் பிடித்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் சுகந்தினிக்கே பயம் இருந்தது. மரவள்ளி வேறு, மாணிக்கம் வேறு. கல் இருக்கிற மண்ணில் அவள் ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. வழக்கம் சொல்வது நிஜமாகி, கல்லோடு சேர்ந்து அவனும் மறைந்துபோனால் என்ன செய்வது? இந்தப் பயத்தோடு ஒன்றரை வருடம் கொழுந்து பறித்தாள்.

அப்போதுதான் எல்லாரும் நானா என்று அழைக்கிற இரத்தினபுரிக் கல் வியாபாரி ஜுனைதீன் அவளைத் தேடி வந்தார். ஆப்பிரிக்காவின் மேற்குக் கோடியில் கினி என்றொரு நாடு, அதில் தங்கம் தோண்டுகிற ஊர் ஒன்று. ஒரு மாதம் வந்து நிழலைக் காட்டினால் போதும், திரும்பியதும் குழி முதலாளியிடம் பேசிக் குழியைத் திறக்க வைக்கிறேன் என்றார். அந்தக் குழியின் கடைசிக் கல்லை வாங்கியவரும் அவர்தான். அதை அவர் அன்று சொல்லவில்லை. சுகந்தினி சம்மதித்தாள். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படத்தில் அவள் சிரிக்கவேயில்லை.

மூன்று விமானம், இரண்டு நாள் புழுதிப் பாதை. அந்த ஊரில் மேமலைத் தோட்டத்துக்குத் தர மறந்த வெயிலையெல்லாம் சேர்த்துக் கொட்டியிருந்தது. சிவப்புப் பொட்டல் வெளி, கண்ணுக்கெட்டிய தூரம் வட்ட வட்டக் குழிகள், தகரக் கொட்டகைகள், மோட்டார் சைக்கிள்கள், தொழுகைக்கு அழைக்கும் ஒலிபெருக்கி. ஜுனைதீன் ஸலாம் சொன்னார். அந்த ஊர்ப் பேச்சும் தெரியும் என்பதால் அதற்குப் பிறகு அவர் அந்த ஊர்க்காரர் மாதிரிதான். சுகந்தினி மட்டும் முதல் குழிக்கு நாற்பது அடி தள்ளி, ஒரு முள்மரத்தடியில் போய் ஒதுங்கி நின்றாள். பழக்கம் அப்படி. அவளுக்குப் பாம்புப் பயம் என்று அங்குள்ளவர்கள் நினைத்து, மரத்தடியைக் கம்பால் தட்டிக் காட்டினார்கள். அப்படியும் அவள் அசையவில்லை. பிறகுதான் குழிகளை ஒழுங்காகப் பார்த்தாள். ஒவ்வொரு குழியின் வாயிலும் பெண்கள் நின்றிருந்தார்கள், சிலர் முதுகில் குழந்தையோடு. கீழே ஆண்கள் வெட்டிய மண்ணைக் கயிறு போட்டு மேலே இழுப்பது அங்கே பெண்களின் வேலை.

அவர்களில் நகானி என்ற உயரமான பெண் வந்து, சுகந்தினியின் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் குழி வாயில் நிறுத்தினாள். நிழல் விழுந்தது. காய்ந்த வெயிலின் நிழல், அறுபது அடிக்குத் தெளிந்தது. கறையான் புற்றைப் பிளந்த மாதிரி சுரங்கங்களும், நெற்றியில் டோர்ச் கட்டிக் குந்தியிருந்த ஆண்களும் தெரிந்தார்கள். அவர்களுக்கும் திடீரென்று தலைக்கு மேலே வானமும் ஒரு ஜோடி வெடித்த பாதங்களும் தெரிந்தன. ஒருவன் அவசரமாகக் காற்சட்டையை மேலே இழுத்தான். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாறையிடுக்கில் மஞ்சள் நூல் போலத் தங்கம் ஓடிக்கொண்டிருந்தது; மறையவில்லை. சுகந்தினி ஒரு நாழிகை அசையாமல் நின்று பார்த்தாள். மறையவேயில்லை. இத்தனை நாள் தன்னை ஏமாற்றியவர்கள் எல்லார் மேலும் அவளுக்குக் கோபம் வந்தது, தன் மேலும் வந்தது.

மூன்றாவது வாரம் ஒரு குழி சரிந்தது. நகானியின் கயிறு தளர்ந்து கையில் வந்தது. கீழே அவள் தம்பியும் இன்னும் மூன்று பேரும். சுகந்தினியை யாரும் கூப்பிடவில்லை, அவளே ஓடிப் போய் நின்றாள். பக்கச் சுரங்கத்தில் நான்கு பேரும் உயிரோடு ஒண்டியிருந்தது எல்லாருக்கும் தெரிந்தது. அடுத்த குழியிலிருந்து குறுக்கே வெட்டினார்கள். நகானி கயிற்றை விடவில்லை. கீழே ஆள் இருக்கும்போது கயிற்றை விட்டுப் போகிற வழக்கம் அங்கே கிடையாது. மாலைக்குள் நான்கு பேரையும் எடுத்துவிட்டார்கள். அதன் பிறகுதான் நகானி உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். உன் ஊரில் உன் ஆளுக்கு யார் கயிறு பிடித்தது என்று அவள் கேட்டதை ஜுனைதீன் தமிழில் சொன்னார்.

"எங்க ஊருல பொம்பளைங்க குழிகிட்ட போகக் கூடாதுங்க" என்றாள் சுகந்தினி.

நகானி யோசித்துவிட்டு ஏதோ கேட்டாள். ஜுனைதீன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அப்ப உள்ளுக்கு ஆள் இருக்கிறது ஆருக்குத் தெரியும்னு கேக்குறா." பிறகு, கேட்காமலே, அந்தக் கடைசிக் கல்லைத் தான் வாங்கியதையும் சொன்னார். சுகந்தினி அடுத்த விமானத்துக்கு டிக்கெட் போடச் சொன்னாள்.

ஊருக்கு வந்ததும் ஜுனைதீன், "கொஞ்சம் பொறுங்க மக, நான் பேசி முடிச்சித் தாரன்" என்றார்.

"நீங்க பேசுறத பேசுங்க நானா. நான் போயி நிக்கிறேன்" என்றாள் சுகந்தினி.

ஏப்ரல் மாதம், காலையில் நல்ல வெயில். முள்ளுக்கம்பியைத் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியால் அறுத்து உள்ளே போய், வாழைக்கு நடுவில் நின்றாள். காவல்காரன் கத்தினான். முதலாளி ஜீப்பில் வந்து கத்தினார். மண் தெளிந்தது. இருபத்தைந்தடிக்குக் கீழே சதீஸ் சாரத்தை மடித்துக் கட்டியபடி, கட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். களிமண் அவனைக் கெடுக்கவில்லை. அவனோடு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களை யாரும் தேடி வந்ததாகக்கூட அந்த ஊரில் பேச்சில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள் என்று நினைத்தால், மூன்று பூசணிக்காய்.

மதியம் மழை வந்தது. நிழல் போனது, மண் மண்ணாகிவிட்டது. பார்த்தீர்களா, ஒன்றுமில்லை என்றார் முதலாளி. சுகந்தினி படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றாள். விடிந்து வெயில் வந்தபோது பக்கத்தில் லயத்து விஜயகலா நின்றாள், கடைக்காரி கைருன்னிஸா கடையை மூடிவிட்டு வந்து நின்றாள், கொழுந்துக்காரிகள் நாற்பது பேரும் வந்தார்கள். கடைசியில் சின்னம்மாவும் வந்து, மகனைப் பார்த்து, மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். நிழலோடு நிழல் சேரச் சேரக் குழி முழுதும் தெளிந்தது. கிராமத்திலிருந்து வந்த ஒரு சிங்களப் பெண் வேலியோரம் நின்று எட்டிப் பார்த்து, என் ஆள், அக்கா, என் ஆள் என்று அலறிக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள். அவள் புருஷனும் கொழும்புக்குப் போனவன்தான்.

பொலிஸ் சார்ஜனும் வந்து குனிந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். சுகந்தினி அவரிடம் சிங்களத்தில் சொல்லிவிட்டு, லயத்து ஆட்களுக்கும் கேட்க வேண்டும் என்று தமிழிலும் சொன்னாள்: "எழுதுனத வெட்டுங்க. இவங்க யாரும் எங்கயும் போகல." அவர் அங்கேயே நின்று வெட்டினார். நீதவான் உத்தரவு வந்து, இயந்திரம் வந்து, தோண்ட ஆறு நாள் ஆயிற்று. பெண்கள் முறை வைத்து நின்றார்கள். சுகந்தினிக்கு முறை கிடையாது, அவள் ஆறு நாளும் நின்றாள். வரக்காப்பொல ஊர்க்காரன் என்று பிறகு தெரிந்த மூன்றாவது மனிதனும் மேலே வந்த பிறகுதான் காலை எடுத்து வைத்தாள். சதீஸைத் தேயிலைக்கு நடுவில், பெயர் எழுதிப் புதைத்தார்கள். குழி முதலாளி விளக்கமறியலில் அடைபட்டிருக்கிறார்.

அந்த வைகாசியில் விஜயகலாவின் நிழல் பட்ட மண்ணும் தெளிய ஆரம்பித்தது. அவளுக்குப் பதினைந்து அடிதான் தெரியும். பிறகு கைருன்னிஸாவுக்கு, பிறகு கிராமத்துப் பெண்கள் சிலருக்கு. எத்தனை பேருக்கு என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. சீமை முழுக்கக் கல் முன்போலவே கிடைக்கிறது. ஆனால் இப்போதெல்லாம் வெயில் அடித்தால் லைசன்ஸ் இல்லாத குழிக்காரர்கள் ஆட்களை எண்ணிப் பார்த்து மேலே ஏற்றிவிடுகிறார்கள். எந்தப் பெண் எந்த நேரத்தில் வந்து நிற்பாள் என்று சொல்ல முடியாது.