பகா எண்ணுக்கு ஆயுத பூஜை

பூஜைக்கென்று புதுப்புடவை கட்டிக்கொண்டு தான் கணக்கெழுதும் நைனார்பாளையம் ரைஸ் மில்லுக்கு வந்த ராஜாம்பாள், ஆபீஸ் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளுடைய கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி வெயிலில் காயப் போட்டிருந்தார்கள். பெட்டிக்குள் இன்னும் ஈரம். நெற்றியில் இடுகிற மாதிரி அதன் முகப்பில் சந்தனம், நடுவில் குங்குமம்.

"யாரு இதத் தொட்டது?"

"நாந்தாங்க்கா," என்றான் மெஷின் ஓட்டும் பூமாலை. "உள்ளாற ஒரே தவுடு. நெல்லரைக்கிற ஹல்லரக் கழுவிக்கினு இருந்தப்ப மொதலாளி இதையும் கழுவச் சொன்னாரு. அப்பறம் ஆன் பண்ணேன், குப்புனு பொக வந்துச்சு."

அவனைத் திட்டி என்ன பயன். அதை அணைக்கவோ தொடவோ கூடாதென்று முதலாளி காசிநாதனிடம் அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கல்வராயன் மலையடிவாரத்தில் அவள் வீட்டில் காற்றடித்தாலே கரண்ட் போய்விடும். மில்லில் ஜெனரேட்டர் உண்டு. அதற்காகத்தான் தன் சொந்தக் கம்ப்யூட்டரை இங்கே கொண்டுவந்து வைத்து, போன தீபாவளியிலிருந்து ஒரே ஒரு எண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தாள். இரண்டை இரண்டால் கோடிக்கணக்கான தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது; எழுதினால் கோடி இலக்கத்துக்கு மேல் போகும் எண் அது. அது பகா எண்ணா இல்லையா, உலகத்தில் யாருக்கும் தெரியாது. எம்.எஸ்ஸி. கணக்கு படித்தவளுக்குத் தனக்கென்று மிச்சமிருந்தது அந்த ஒரு கேள்விதான்.

வகுபடும் எண் என்றால் ஒரு வகுத்தியைக் காட்டினால் முடிந்தது. பகா எண் அவ்வளவு சுலபத்தில் வாய் திறக்காது. நாலில் தொடங்கி, அதை அதாலேயே பெருக்கி, இரண்டைக் கழித்து, அந்தப் பெரிய எண்ணால் வகுத்து மீதியை எடுத்து, அதையே மறுபடி பெருக்கி, கடைசி மீதி பூஜ்யமா என்று பார்க்க வேண்டும். சோறு மாதிரி நடுவில் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்க முடியாது. இந்தத் தீபாவளியோடு முடிந்திருக்கும். போட்ட கணக்கெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. வேறெங்கும் பிரதி எடுத்து வைக்காத தன்னையே அறைந்துகொள்ளலாம் போல் ஆத்திரம் வந்தது.

காசிநாதன் பொரி கடலைத் தட்டோடு வந்தார். "இன்னாம்மா, மொகம் இப்டி கீது? வேற பொட்டி வாங்கித் தரேன். அந்த நம்பரு எங்க ஓடிடப் போவுது? மொதல்லேர்ந்து போடு."

அதுதான் அவளுக்கு எரிந்தது. எண் எங்கும் ஓடாதுதான். ஓடியது அவளுடைய வருஷம்.

"திருப்பிப் போட்டா அடுத்த ஆயுத பூஜைக்கும் ஓடிக்கினுதான் சார் இருக்கும். அப்ப இன்னா பண்ணுவீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "சாமி காரியம்மா. கழுவாம எப்டி வுடறது?"

ஆபீஸ் சாவியைப் பொரித் தட்டில் போட்டுவிட்டு ராஜாம்பாள் நடந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மனசுக்குள்ளேயே முதலிலிருந்து போட்டுப் பார்த்தாள். நாலு. பதினாலு. நூற்றுத் தொண்ணூற்று நாலு. முப்பத்தேழாயிரத்து அறுநூற்று முப்பத்து நாலு. அதற்கு மேல் கோபத்தில் பெருக்க வரவில்லை.