சூட்டில் வைத்த பிஸ்டன்கள்

நான்காவது பிஸ்டனும் இறுக்கமாகத்தான் இருந்தது. கார்க்காரர் அதைத் தலைகீழாகச் சிலிண்டருக்குள் இறக்கி, சுவருக்கும் அதற்கும் நடுவே இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய எஃகுத் தகட்டைச் செருகி இழுத்துப் பார்த்தார். லேசான பிடிப்போடு வழுக்கிக்கொண்டு வரவேண்டிய தகடு, வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. மற்ற மூன்றும் இதே கதைதான். இப்படியே மாட்டி ஓட்டினால் இன்ஜின் சூடேறியதும் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். பட்ட பாடெல்லாம் பாழ்.

கார்க்காரர் என்பது அந்த மலையூர்த் தெரு வைத்த பெயர். அவருடைய பழைய கார் ஷெட்டை விட்டு வெளியே வந்து எத்தனையோ காலமாகிவிட்டது, பெயர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணமான புதிதில் வாங்கிய வண்டி. மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போன மனைவி இன்னும் திரும்பவில்லை. பேரனுக்குப் பல் முளைத்து, இப்போது வீடெல்லாம் ஓடுகிறானாம். சண்டை என்று சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. சண்டை என்றால் சமாதானம் பேசலாம். "நம்ம வண்டியிலயே வந்து உன்னைக் கூட்டிட்டு வர்றேன்" என்று போனில் சொன்னபோது, "அப்ப நான் வந்த மாதிரிதான்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டுதான் மனுஷர் இன்ஜினைப் பிரித்துப் போட்டார்.

சிலிண்டரைக் கடைந்து கொடுத்த லேத் பட்டறைக்காரரைப் போனில் பிடித்தார்.

"இன்னும் கொஞ்சம் தேச்சுக் குடுங்க. நாலும் டைட்டா இருக்கு."

"நான் அளந்தப்ப கச்சிதமா இருந்துச்சேண்ணே. தேச்சுட்டா தேச்சதுதான், இதுக்கு மேல பெரிய பிஸ்டன் எங்கயும் கிடைக்காது. இன்ஜின் பிளாக்கே போயிடும். ஆமா, பிஸ்டனை எங்க வச்சிருந்தீங்க?"

"வீட்டுக்குள்ள."

"ஹீட்டர் ஓடுற ரூம்லயா?"

அவர் கையிலிருந்த பிஸ்டனைக் கீழே வைத்தார்.

"அதான் விஷயம். அலுமினியம் சூட்டுல பெருத்துடும். பிளாக்கு ஷெட்டுக் குளிர்ல கிடக்கு. ரெண்டையும் ஒரு ராத்திரி ஒண்ணா போட்டு வைங்க, காலைல அளங்க."

ரூமோடு கேள்வி நின்றது நல்லதாயிற்று. பிஸ்டன்கள் இருந்தது கட்டிலில், மனைவி படுக்கும் பக்கம், அவளுடைய போர்வைக்குள். வாங்கி வந்த அன்று, ஷெட்டில் வைத்தால் துருப்பிடிக்கும் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டார். அலுமினியம் துருப்பிடிக்காது என்பது அவருக்குத் தெரியாததா? அந்தப் பக்கம் வெறுமனே கிடந்தால் தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான். அவை இருந்ததால் புரளும்போது கையில் ஏதோ ஒன்று தட்டுப்பட்டது.

அன்று அவற்றை ஷெட்டில் பிளாக்கின் பக்கத்தில் வரிசையாக வைத்துவிட்டு வந்தார். இரவு கட்டிலில் படுத்தவருக்கு, ஹீட்டர் எரிந்தும் குளிர் விடவில்லை. காலையில் பல்கூட விளக்காமல் போய் அளந்தார். தகடு லேசாகப் பிடித்து, வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. நான்கிலும் அப்படியே. கூடக் கொஞ்சம் தேய்த்திருந்தால் பிளாக்கே போயிருக்கும். உடனே மனைவியைக் கூப்பிட்டார்.

"பிஸ்டன் சரியா இருக்கு. நேத்து டைட்டா இருந்துச்சு, சூட்டுல இருந்ததால பெருத்துப்போச்சாம்."

"சூட்டுல எங்க கொண்டுபோய் வச்சீங்க?"

பட்டறைக்காரரிடம் மறைத்ததை இவளிடமும் மறைத்திருக்கலாம். அலமாரி என்று சொன்னால் போதும்.

"கட்டில்ல. நீ படுக்குற பக்கம்."

பேரன் எதையோ தரையில் உருட்டுவது மட்டும் போனில் கேட்டது. போனை வைத்துவிட்டாளோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். வைக்கவில்லை.

"விரிப்பெல்லாம் எண்ணெயா?" என்றாள் கடைசியில்.

"பார்க்கல."

"போய்ப் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அவர் உள்ளே போய்ப் போர்வையை விலக்கினார். தலையணைக்குக் கீழே தொடங்கி, ஓர் ஆள் படுத்திருந்த நீளத்துக்கு, விரிப்பில் நான்கு மங்கலான எண்ணெய் வட்டங்கள் இருந்தன.